கண்ணாடி கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர், கல்குளம் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: பள்ளிக் கண் பரிசோதனையில் குறை கண்ட பிள்ளைகளுக்கு இன்னும் கண்ணாடி வராதது, மறுபடி அளந்து உடனே வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதே விஷயமாக இரண்டு முறை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வந்து மனு கொடுத்தேன். உரிய துறைக்கு அனுப்பியதாக மட்டும் பதில் வந்தது.

1. சென்ற ஆண்டு பள்ளிக்கு வந்து கண் பார்த்தார்கள். என் மகளோடு 14 பேருக்குக் கண்ணாடி வேண்டும் என்று எழுதிப் போனார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

2. மகளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று. ஓரடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். இடது கண்ணில் சிலிண்டர் பவரும் உண்டு, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லை. கரும்பலகையில் 3-ம் 8-ம் அவளுக்கு ஒன்றுதான். முன்பெஞ்சில் உட்கார வையுங்கள் என்றார்கள். சரி, வைத்தாயிற்று. முன்பெஞ்சு என்ன, பலகையிலிருந்து ஓரடியிலா இருக்கிறது? பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். அந்தப் பிள்ளை வராத நாளில் இவள் நோட்டில் தேதி மட்டும் இருக்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாக வந்தது நம் மாவட்டம். அங்கேதான் எழுத்துத் தெரியாமல் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

3. எங்கள் கரை தங்களுக்குத் தெரியும், கடலரிப்பு பார்க்க அதிகாரிகள் வந்து நிற்கிற தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய சுவர்ப் பக்கம்தான். அவள் அப்பா வள்ளத்தில் போகிறவர். வள்ளங்கள் கரை பிடிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் "அப்பா வள்ளம்!" என்று கத்துவது இவள்தான். இப்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, "அம்மா, நம்ம வள்ளம் வந்துட்டா?" என்று கேட்கிறாள். வள்ளம் முன்னாலேயே நிற்கிறது. நான் என்ன சொல்ல?

4. கடையில் வாங்கலாமே என்றார் ஓர் அலுவலர். முடிந்தால் வாங்கியிருக்க மாட்டோமா? கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் வட்டிக்கு எடுத்துத்தான் அடுப்பு எரிகிறது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி அதிலேயே உண்டு. இல்லாததையா கேட்கிறோம்?

5. வளருகிற வயதில் கண்விழி முன்பின்னாக நீள்கிறது, கிட்டப்பார்வையின் பவரும் ஏறுகிறது. போன வருடத்து அளவுக்கு இனிமேல் செய்து தந்தால் அதுவும் பொருந்தாது. கோப்பு மேசை மேசையாக நகரும்வரை பிள்ளையின் கண் வளராமல் காத்திருக்குமா? இதை இரண்டு மனுவிலும் எழுதியிருந்தேன். யாராவது படித்தார்களா?

தயவுசெய்து 14 பிள்ளைகளையும் பள்ளியிலேயே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். என்றைக்குக் கண்ணாடி கைக்கு வரும் என்று தேதி போட்டு எழுதித் தாருங்கள். மறுபடியும் கேட்கிறேன், துறைக்கு அனுப்பினோம் என்ற பதில் வேண்டாம், கண்ணாடி வேண்டும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகள் 2, கண் பரிசோதனைச் சீட்டு நகல் 1.