ஹார்டி பாடியது சொந்தக் குரலில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் பழைய ஹாலிவுட் காமெடிப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். லாரல் ஹார்டி என்ற அந்த ஒல்லி-குண்டு காமெடி ஜோடிக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் 1937-இல் வந்த ‘வே அவுட் வெஸ்ட்’ படத்தைச் சொல்லும்போது, பாட்டுக்கு இரண்டு பேரும் வாயசைத்ததோடு சரி என்று போகிற போக்கில் எழுதிவிட்டாரே கட்டுரையாளர், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

லாரல் விஷயத்தில் அது பாதி உண்மை. ஹார்டி விஷயத்தில் துளியும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த மனுஷர், பதினெட்டு வயதில் மில்லெட்ஜ்வில் என்ற ஊரின் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தவர், அப்புறம் ஜாக்சன்வில்லுக்குப் போய் பகலில் படத்தில் நடிப்பதும் ராத்திரி மேடையில் பாடுவதுமாக இருந்தவர். அவருக்கு எதற்கு இரவல் குரல்?

அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். மதுக்கடையில் ‘லோன்சம் பைன்’ பாட்டு ஆரம்பிக்கிறது, ஹார்டி கண்ணை உருட்டிக்கொண்டு அத்தனை இனிமையாகப் பாடுகிறார், பக்கத்தில் லாரலும் சேர்ந்துகொள்கிறார். திடீரென்று லாரலின் ஒல்லி உடம்பிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கட்டைக்குரல்! ஹார்டிக்குப் பொறுக்கவில்லை. கல்லாவில் நிற்பவரிடம் மரச் சுத்தியலைக் கேட்டு வாங்கி மண்டையில் ஒன்று போடுகிறார். அடுத்த வரி கீச்சுக் குரலில், பெண் குரலில் வருகிறது, பாடி முடித்ததும் ஆள் தடாலென்று விழுகிறார். அந்தக் கட்டைக்குரல் அவலான் பாய்ஸ் என்ற பாட்டுக் குழுவில் இருந்த சில் வில்ஸ் கொடுத்தது, கீச்சுக் குரல் படத்தின் கதாநாயகி ரோசினா லாரன்ஸ் கொடுத்தது. நம் ஊரில் இரவல் குரல் என்றால் முகத்தோடு பொருந்தவில்லையே என்று குறை சொல்வோம். இங்கே பொருந்தாமல் இருப்பதுதான் சிரிப்பே, அதுவும் பக்கத்தில் ஒருவர் நிஜக் குரலில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருப்பதால்தான் அது எடுபடுகிறது. கட்டுரையாளர் சொன்னபடி இரண்டுமே இரவல் என்றால் ஜோக்கே செத்துவிடும்.

மதுக்கடை வாசலில் அவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது இன்னொரு வருத்தம். படியில் உட்கார்ந்து அவலான் பாய்ஸ் பாடுகிறார்கள், இவர்கள் இருவரும் நின்று கேட்கிறார்கள், முதலில் தலை ஆடுகிறது, அப்புறம் கால். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஹார்டி காலை எடுத்து வைக்கிற பதவிசைப் பார்க்க வேண்டும். பின்னால் தெரு, தனியாகப் படமெடுத்துத் திரையில் ஓடவிட்ட தெருதான், யாரும் இவர்களைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எட்டு வயசுப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். லாரல் தொப்பிக்கு உப்புப் போட்டுத் தின்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தவன், இந்த ஆட்டத்தின்போது சிரிக்கவே இல்லை, வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். மூன்று தடவை போட்டோம்.

இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ‘லோன்சம் பைன்’ பாட்டை 1975-இல் இங்கிலாந்தில் இசைத்தட்டாக வெளியிட்டபோது, விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் ஏறியது. அப்போது ஹார்டி இறந்து 18 வருஷம், லாரல் இறந்து 10 வருஷம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் இருவரும் மாலுமி உடையில் நிற்கிறார்கள். அது வேறு ஏதோ படம். ‘வே அவுட் வெஸ்ட்’டில் கடலே கிடையாது ஐயா, கோவேறு கழுதைதான் உண்டு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை