2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஏழு முறை கூடியது. பெயின்ட் வேலை முடிந்தது, பொங்கல் விழா நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் 2023 டிசம்பர் 4-ம் தேதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையைக் கடந்தது 5-ம் தேதி. அதற்கு முதல் நாளே வேளச்சேரி மிதக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் நம் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாமா? நிறுத்தினால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி நிரம்பாது. ஓடவிட்டால் தண்ணீர் ஏறி மொத்தமும் போய்விடும். வாட்ஸ்அப்பில் செயற்குழுவினர் ஒன்பது பேரும் இரண்டு மணி நேரம் பேசினோம். மூன்று பேர் அப்போது ஊரிலேயே இல்லை. “2015 வெள்ளத்துலயே ஜெனரேட்டர் மேடை வரைக்கும் தண்ணி வரலை” என்றார் ஒருவர். நானும் அதை நம்பித்தான் தள்ளிப்போட்டேன். இந்த முறை வந்தது.

அப்புறம் டவர் போயிற்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அது போனதே நல்லதாயிற்று. கட்டடத்தில் இருந்த நாங்கள் ஐந்து பேர் முதல் மாடிப் படிக்கட்டில் நின்று பத்து நிமிடத்தில் முடிவெடுத்தோம். நான் நேரே ஜெனரேட்டரை அணைக்கப் போனேன். “முதல்ல லிஃப்டை மூணாவது மாடிக்கு ஏத்துங்க சார், அப்புறம் அணைங்க” என்று தடுத்தவர் பி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர். லிஃப்ட் தப்பியது அவரால். வாட்ச்மேன் குடும்பத்தைச் சங்க அறைக்கு ஏற்றச் சொன்னவரும் அவரே. வாட்ஸ்அப்பில் அதுவரை யாரும் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை, நான் உட்பட. மேல்தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வாளி என்று அளந்து விட்டோம். சண்டை வந்தது, ஆனாலும் மூன்று நாள் தாங்கியது.

ஜெனரேட்டர் பழுது, தண்ணீர் இறைத்தது, சம்ப் கழுவியது எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். விதிப்படி நான் தனியாகச் செலவழிக்கக்கூடியது 10,000 மட்டுமே. ஐந்து பேர் கூடியது கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) ஆகாது என்று ஒரு உறுப்பினர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. படிக்கட்டில் எடுத்த முடிவுகளை 9-ம் தேதிதான் மினிட்ஸில் எழுதினேன். அது என் தவறு.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். 85,000 ரூபாய் செலவுக்கு இன்று ஒப்புதல் வேண்டும். இனி அவசர காலத்தில், கட்டடத்தில் இருக்கும் செயற்குழுவினர் மூன்று பேர் கையெழுத்திட்டு 50,000 வரை செலவழிக்கலாம், ஆனால் அன்றே மினிட்ஸில் எழுத வேண்டும். ஜெனரேட்டர் மேடையை உயர்த்த இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன, மேஜையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்