பேரன் கண்டெடுத்த 1955 சென்ட்

அன்புள்ள சேகர்,

நலம். மீனாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜாடிக்குள்ளிருந்து உன் பேரன் எடுத்தது 1955 அமெரிக்க சென்ட்தான், ஆனால் அச்சின் பிழையால் எழுத்தெல்லாம் இரட்டையாக விழுந்த, எல்லோரும் தேடுகிற அந்த 1955 இல்லை. இதில் கடைசி 5 மட்டும் மங்கலாக இரட்டித்திருக்கிறது. காசு அடித்து அடித்து அச்சு தேய்ந்தால் எழுத்தின் ஓரம் இப்படிக் கரையும். உங்கள் ஊர்க்காரர்களே இதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்றுதான் கேலி செய்கிறார்கள். சில டாலர் தேறலாம், அவ்வளவுதான்.

அசல் என்றால் லென்ஸே தேவையில்லை. வருடம், 'லிபர்ட்டி', லிங்கன் தலைக்கு மேலுள்ள வாசகம் எல்லாமே இரண்டாகத் தெரியும். பின்பக்கம் சாதாரணமாக இருக்கும். அப்போதெல்லாம் பிலடெல்பியாவில் தாய் அச்சை எஃகில் ஒரு தடவைக்கு மேல் அழுத்தித்தான் அடிக்கும் அச்சைச் செய்வார்கள். மறுபடி அழுத்தியபோது அது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் இருபதாயிரத்துக்கு மேல் நல்ல காசோடு கலந்தாயிற்று. பிரிக்க வழியில்லை, எல்லாவற்றையும் உருக்க மனமில்லாமல் வெளியே விட்டுவிட்டார்கள். அதில் நிறைய, சிகரெட் விற்கும் எந்திரம் வழியாகத்தான் ஜனங்கள் கைக்கு வந்ததாம். 23 சென்ட் பாக்கெட்டுக்குக் கால் டாலர் போட்டால் மீதி இரண்டு சென்ட் கண்ணாடித்தாளுக்குள்ளேயே இருக்கும். சிகரெட் பிடித்தவனுக்கு லாபம் வந்தது அந்த ஒரு தடவைதான்!

இங்கே வாட்ஸ்அப்பில் இரண்டு ரூபாய்க் காசைக் காட்டி லட்சம் பேரம் பேசுகிறார்கள். எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலும், அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்த இரட்டை. அதற்கு மதிப்பே கிடையாது. லென்ஸைச் சாய்த்துப் பிடித்துப் பார்: எழுத்தின் ஓரத்தில் தட்டையாக, பளபளவென்று ஒரு படி தெரியும், அந்தப் படி எழுத்தின் அகலத்தையே தின்றிருக்கும். அச்சிலேயே பிறந்த இரட்டை அப்படியல்ல. எழுத்து தடித்து, இரண்டும் உருண்டு எழும்பி, நுனியில் சின்னப் பிளவு விழுந்திருக்கும். அந்த அச்சில் அடித்த காசு எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே பிளவு.

என்னிடம் உருப்படியாக இருப்பது ஒரு லாக்கி காசு. அடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வெற்று உலோகத் தகடு அதன் மேல் அடிபட்டிருக்கிறது. ஒரு பக்கம் சிங்கமுகம் நேராக, மறுபக்கம் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிவாக. விற்கச் சொல்லி மருமகன் நச்சரிக்கிறான். மாட்டேன்.

பேரனை 1997 சென்ட்டுகளைப் புரட்டச் சொல். ஒரே அழுத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறினால் இரட்டை ஒழியும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த வருடத்துச் சிலவற்றில் லிங்கனின் காது மடல் இரட்டித்திருக்கிறது. இதற்கு லென்ஸ் கட்டாயம் வேண்டும். கிடைத்தால் முதலில் எனக்குப் படம் அனுப்பு, கடைக்காரனிடம் காட்டாதே.

பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா?

அன்புடன்,
ராஜு