அம்பாசடர் வண்டிக்கு சீட் பெல்ட் போடுவது பற்றி

மயிலாடுதுறை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆடிப்பெருக்குக்கு நீங்கள் நால்வரும் ஊருக்கு வருவதற்குள் நம் அம்பாசடரில் பிள்ளைகளுக்கு முறையான சீட் பெல்ட் பொருத்திவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. நீயும் அவர் பக்கம் சாய்ந்து, “பூம்புகார் என்ன தூரமா அம்மா, சின்னவனை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டாய். தொலைபேசியில் அந்தப் பேச்சை முடிக்க இயலவில்லை என்பதால் நிதானமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே அப்பாவிடம் பேச வேண்டும். அந்த வண்டி நாளைக்கு உனக்கு என்று சொல்லித்தான் அவர் அதில் ஒரு துளைகூடப் போடவிடாமல் காத்து வருகிறார்.

முதலில் மடியைப் பற்றி. இத்தனை வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி நிற்கும்போது, உள்ளே இருப்பவர் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டுமென்றால், அவருடைய எடையைப் போல் இருபது மடங்கு விசை அவரைப் பிடித்து இழுக்க வேண்டும். சின்னவன் 15 கிலோ இருப்பானென்றால் அந்தக் கணத்தில் உன் கைகள் 300 கிலோவைத் தாங்க வேண்டும்; அறுபது கிலோ நெல்மூட்டை ஐந்தை ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிப்பது போல. எந்தத் தகப்பனாலும் அது முடியாது. நீ பெல்ட் போடாமல் அவனை மடியில் வைத்திருந்தால் உன் எடையும் சேர்ந்து அவனை முன்னிருக்கையின் முதுகில் வைத்து நசுக்கும். உன்னுடைய பெல்ட்டுக்குள்ளேயே அவனையும் சேர்த்துக் கட்டினால் உனக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அவன் நசுங்குவான்.

“இது இரும்பு வண்டி, இந்தக் காலத்துத் தகர வண்டிகள் போல நசுங்காது” என்பது அப்பாவின் வாதம். நசுங்காது என்பதுதான் என் கவலை. மோதலின்போது வண்டியின் முன்பகுதி மடிந்து கொடுத்து, அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துக்கு பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். 1959இல் அது காராக வெளிவந்தது. அதே 1959இல்தான் வால்வோவின் நில்ஸ் போலின் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை பெல்ட்டை உருவாக்கினார்; எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்தே விட்டது. நம் அம்பாசடரின் உடலமைப்போ அதற்கும் முந்தியது. நீ குடியிருக்கும் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில், கௌலி தொழிற்சாலையில் உருவான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்ற கார்தான் வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலைக்கு வந்து அம்பாசடர் ஆயிற்று. நம்முடைய 1980ஆம் வருடத்து வண்டியும் அதே எலும்புக்கூடுதான். மடிந்து கொடுக்காத வண்டியில் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்கு வந்து சேர்கிறது. ஆகவே புதிய காரைவிட இதற்குத்தான் பெல்ட் கூடுதலாகத் தேவை.

சட்டத்தைப் பற்றி நீளமாக எழுதவில்லை. 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பெல்ட் இல்லாமலே தயாரான வண்டியை யார் நிறுத்தப்போகிறார்கள் என்கிறார் அப்பா. நீ இருக்கும் நாட்டிலேயே, பெல்ட் இல்லாத பழைய காரில் மூன்று வயது ஆகாத குழந்தையை ஏற்றக் கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று விதி இருப்பது உனக்குத் தெரியும். அங்கே பள்ளிக்கூடம் வரைக்கும்கூட அவர்களைக் கட்டாமல் நீ வண்டியை எடுப்பதில்லை.

நம் ஊரில் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வியை அப்பாவும் கேட்டார், அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. இங்கே எந்தச் சாலையில் போனாலும் ஒரு பக்கமாவது வாய்க்கால் கூடவே வரும். ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் கரை நிறைய ஓடும்போது வண்டி அதில் சரிந்துவிட்டால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகாதா என்கிறார். வண்டி கரையிலிருந்து உருண்டு தண்ணீரைத் தொடுவதற்குள் பெல்ட் போடாதவர் கூரையிலும் கதவிலும் கண்ணாடியிலும் மோதி நினைவிழந்துவிடக்கூடும். நினைவு இல்லாதவர் கதவைத் திறக்கவும் மாட்டார், பிள்ளையைத் தூக்கவும் மாட்டார். பெல்ட் போட்டவர் இருந்த இடத்தில் நினைவோடு இருக்கவே வாய்ப்பு அதிகம். பொத்தானை அழுத்தினால் பூட்டு விடுபடும். பெரியவள் பாப்பாவுக்கு அதைத் தானே அழுத்தக் கற்றுக்கொடுக்கலாம். சின்னவனுக்கு முடியாது என்பதால் அவன் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அந்த ஏற்பாட்டைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பெல்ட் வாங்குவது பெரிய காரியமில்லை, அதை எங்கே எப்படி முடுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே ஒரு பட்டறையில் விசாரித்தபோது, இருக்கைச் சட்டத்திலேயே இரண்டு போல்ட் போட்டு மாட்டிவிடலாம், அரை மணி நேர வேலை என்றார்கள். அந்த இருக்கையே சில திருகுகளின் பிடிப்பில்தான் தரையில் நிற்கிறது. பெல்ட் மாட்டும் இடங்களைச் சோதிக்கும் ஐ.நா. விதிமுறை 14, பெரியவர்களுக்கான பெல்ட்டின் தோள்பகுதியையும் இடுப்புப்பகுதியையும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 1,350 கிலோ அளவு விசையால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. இருக்கைச் சட்டம் அதைத் தாங்காது. வெறும் தரைத் தகட்டில் வாஷர் வைத்து முடுக்கினாலும் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துளைக்கு அடிப்பக்கம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும் உள்ளங்கை அகலமும் கொண்ட எஃகுத் தகடு வைத்து, அதன் மூலைகளை உருட்டி, விசை பரவும்படி செய்ய வேண்டும். போல்ட் 7/16 அங்குலம், நெருக்கமான மரையும் அதிக இழுப்பைத் தாங்கும் பலமும் கொண்ட ஹை டென்சில் போல்ட். சீட் பெல்ட்டுக்கென்று பரவலாகப் பயன்படும் அளவு அது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை வைக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் தகடு தகடாக இருக்க வேண்டுமே! பின்னிருக்கையைத் தூக்கி, தரைவிரிப்பையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். டிக்கி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி, இடது சக்கர வளைவை ஒட்டிய மூலை துருப்பிடித்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே அங்கே துளை போட வேண்டும். துளைக்குக் கீழே பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ ஒயரோ ஓடுகிறதா என்று வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்துத்தான் டிரில் வைக்க வேண்டும் என்று டிங்கர் வேலை செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதாகப் பார்த்த இவர், சொன்னதைக் கேட்டுக்கொண்டு தானும் நான்கு கேள்வி கேட்டார். அதனாலேயே அவரிடம் கொடுக்க விரும்புகிறேன்.

பெல்ட்டைப் புதிதாகத்தான் வாங்குவேன். சென்னையில் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். ஒரு விபத்தில் ஒருமுறை இழுபட்ட நாடா மறுமுறை அதே போலப் பிடிக்காது, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தானே சுருண்டுகொள்ளும் வகையென்றால் அந்தச் சுருளைத் தயாரித்தவர் சொன்ன கோணத்தில் பொருத்த வேண்டும், சாய்ந்துவிட்டால் வேண்டியபோது பூட்டாமல் போகலாம். இடுப்புக்கு மட்டும் வரும் பெல்ட் பிள்ளைகளுக்கு உதவாது. அவர்களின் இடுப்பெலும்பு இன்னும் முற்றியிருக்காது. மோதும்போது பெல்ட் மேலேறி வயிற்றில் பதிந்து குடலையும் முதுகெலும்பையும் கெடுக்கும். உடம்புக்குத் தலை பாரம் என்பதால் முன்னால் மடிந்தும் அடிபடுவார்கள். ஆகவே பின்னால் இரண்டு ஓரங்களிலும் மும்முனை பெல்ட். அவற்றின் மேல்முனை பக்கவாட்டுத் தூணில் வரும், அங்கேயும் உள்ளே தகடு கொடுத்தாக வேண்டும்.

அப்பாவின் மனக்குறை அந்தத் தூணில்தான் இருக்கிறது, எனக்கு அது புரியாமலில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி இப்போது அரிது. 2014இல் உற்பத்தியையும் நிறுத்திவிட்டார்கள். அவரிடம் நீ இப்படிச் சொல்: தரையில் போடும் துளைகள் இருக்கைக்கு அடியில் மறைந்துவிடும். வெளியே தெரிவது தூணில் இரண்டு இடம் மட்டுமே. வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றி ரப்பர் மூடி வைத்துக்கொள்ளலாம். முன்னிருக்கை இரண்டுக்கும் சேர்த்தே போட்டுவிடுவோம், ஏனென்றால் அந்த வண்டியில் ஸ்டீயரிங் தண்டு மடங்காது, டாஷ்போர்டு வெறும் இரும்பு. பிள்ளைகளை முன்னால் உட்காரவைக்கவே கூடாது.

உட்காரும் முறை இது. அப்பா ஓட்டுவார், நீ அவருக்குப் பக்கத்தில். பின்னால் இரு ஓரங்களில் பிள்ளைகள், நடுவில் மருமகள். அவளுக்கு இடுப்பு பெல்ட் இருக்கும். பெல்ட் இல்லாத ஆறாவது ஆளுக்கு வண்டியில் இடமில்லை. நான் சித்திரான்னத் தூக்கோடு காலையிலேயே பஸ்ஸில் பூம்புகார் போய்விடுவேன், அதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து நீங்கள் வருவதற்கு, பின்னிருக்கையில் மும்முனை பெல்ட் உள்ள டாக்சி ஏற்பாடு செய்கிறேன். அம்பாசடர் வேலை அதற்குள் முடியாவிட்டால் ஆடிப்பெருக்குக்கும் அதே டாக்சிதான்.

நீ செய்ய வேண்டியவை சில உண்டு. சின்னவனின் இருக்கை காரின் பெல்ட்டாலேயே கட்டக்கூடியதா என்று அதன் லேபிளைப் பார். புதிய கார்களின் இருக்கையில் பதித்தே வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மட்டும் மாட்டுவது நம் வண்டியில் நிற்காது. பாப்பாவுக்கு 135 சென்டிமீட்டர் உயரம் ஆகும்வரை, உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை வேண்டும்; முதுகுச் சாய்வு உள்ளதையே கொண்டு வா, நம் இருக்கையின் முதுகு தாழ்ந்தது, அவள் தலைக்கு ஆதரவு கிடைக்காது. இருக்கை ஸ்பிரிங் தொய்ந்திருப்பதால் குஷன் கடையில் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். கட்டிய பிறகு குழந்தை இருக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

இருவருடைய உயரத்தையும் எடையையும், இரண்டு இருக்கைகளின் லேபிள் படத்தையும் இந்த வாரமே அனுப்பு. தூணில் துளை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை பூஸ்டரில் உட்கார்ந்த பாப்பாவின் தோளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெல்டிங் செய்பவர் அடுத்த திங்கட்கிழமை வண்டியைக் கேட்டிருக்கிறார், அதற்கு முன் அப்பாவிடம் பேசிவிடு.

அன்புடன்,
அம்மா