அது மர்ம மொழி அல்ல, தமிழ்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இதழில், குளக்கரையில் கிடந்த பலகைக்கல் ஒன்றின் படத்தைப் போட்டு, ‘எந்த மொழி என்றே தெரியாத மர்ம எழுத்துகள்: கிராம மக்கள் பீதி’ என்று எழுதியிருந்தீர்கள். படம் மங்கல்தான். ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் முதல் வரியில் ‘கோமாறஞ்சடையற்கு யாண்டு’ என்பது வரை என்னால் படிக்க முடிந்தது. ‘மாறஞ்சடையன் என்னும் அரசனுக்கு ஆட்சியாண்டு’ என்று பொருள்; பாண்டியர் கல்வெட்டுகளில் எத்தனையோ முறை பார்த்த தொடக்கம். எழுத்து, தமிழை எழுதப் பழங்காலத்தில் வழங்கிய வட்டெழுத்து; மொழி தமிழ். ஒரு தமிழ் நாளிதழே தமிழ்க் கல்லைப் பார்த்து மொழி தெரியவில்லை என்று அச்சிட்டதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுத்து வேறு, மொழி வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. இதே தமிழைப் பிராமி என்ற பழைய எழுத்தில் எழுதினார்கள், வட்டெழுத்தில் எழுதினார்கள், தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்திலும் எழுதினார்கள். மதுரை மாங்குளம் குகைக் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். பிராமி எழுத்தையோ அதற்கு முன்பே, 1837இல், ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டிவிட்டார். எழுத்து தெரிந்தும் மொழி பிடிபடவில்லை. பிராகிருதம் என்ற பழைய வடநாட்டு மொழியாக இருக்கலாம் என்றே எண்ணினார்கள். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் அக்குகைகளில் ழ, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் இருப்பதைக் காட்டி, இது தமிழ் என்று நிறுவினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த வேலை அது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர வேண்டிய ஐயத்துக்குத் தாங்கள் ‘மர்மம்’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘பிராமி மொழி’ என்று தலைப்பு வந்தபோது கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. பிறகு, ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற ஒரு சொல், வடசொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருந்ததற்காக, நிலக்கொடையை விவரிக்கும் முழுத் தமிழ்க் கல்வெட்டைச் சமஸ்கிருதம் என்றீர்கள். அதற்கும் எழுதினேன். பதில் எதிர்பார்க்கவில்லை, பிழை திரும்பாது என்றுதான் எதிர்பார்த்தேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். விடுமுறை நாள்களில் மாணவிகளை அழைத்துப்போய் மைப்படி எடுப்பேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் பதிய வைத்து, மை ஒற்றும்போது கருப்புக்கு நடுவே வெள்ளையாய் ஓர் எழுத்து எழுந்து வரும். அதைப் பார்த்த பிள்ளைகள் யாரும் கல்லைக் கண்டு பயந்ததில்லை.

அப்படி நாங்கள் படித்த கல்லொன்று ஏரி மதகருகே இருந்தது. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலத்தைப் பற்றியது. வேறொரு பத்திரிகை அதைப் ‘புதையல் ரகசியம் சொல்லும் புரியாத மொழி’ என்று எழுதியது. பத்தே நாளில் இரவோடு இரவாகக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று துண்டுகள் கிடந்தன. எழுத்துள்ள நடுப்பகுதி சல்லியாகியிருந்தது. எங்களிடம் இன்று மிஞ்சியிருப்பது அந்த மைப்படித் தாள் மட்டுமே. ‘மர்மம்’ என்ற சொல் உங்களுக்கு ஒரு தலைப்பு. கல்லுக்கு அது கடப்பாரை.

தங்கள் செய்தியாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் அவ்வளவு தூரம் போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறார். அதைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய ஆசிரியர் மேசையின் மீதுதான் வருத்தம்.

கேட்பது சிறிய உதவிதான். ‘வட்டெழுத்தில் அமைந்த தமிழ்க் கல்வெட்டு’ என்று ஒரு வரித் திருத்தம், அதே பக்கத்தில் வெளியிடுங்கள். தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். செய்தியாளர் மறுபடி போவதானால், காலையில் சாய்வெயில் படும் நேரத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள்; கல்லின் மேல் எவரும் நிற்க வேண்டாம். வெளியான படத்தில் ‘யாண்டு’ என்ற சொல்லுக்கு அடுத்து ஒருவருடைய செருப்புக்கால் இருக்கிறது. அரசனின் ஆட்சியாண்டு அந்தக் காலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்