சிகாகோவில் கட்டடக்கலை படிக்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளே,

பாம்பனிலிருந்து மாமா எழுதுகிறேன். உன் கல்லூரியின் கிரவுன் ஹால் படங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 30 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். கண் முதலில் தூணைத்தான் தேடியது. 220 அடி நீளம், 120 அடி அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை! கூரைக்கு மேலே நான்கு இரும்பு உத்திரங்களைப் போட்டு, கூரையை அவற்றில் தொங்கவிட்டிருக்கிறார் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ. அதுவும் 1956-இல். கீழ்வரிசைக் கண்ணாடியை மங்கலாக விட்டு, மேலே மட்டும் மரமும் வானமும் தெரிய வைத்தது எனக்கு இன்னும் பிடித்தது. வரைகிற பிள்ளைகளின் கவனம் தெருவுக்குப் போகாது, வெளிச்சமும் குறையாது.

"நம் ஊரிலும் இப்படி ஒரு கல்லூரி கட்டுவேன் மாமா" என்று எழுதியிருந்தாய். கட்டு. ஆனால் அந்த இரும்பையும் கண்ணாடியையும் அப்படியே இங்கே கொண்டுவராதே.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இளம் வயதில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தளம் போட்டோம். அவசரத்தில், கம்பி கான்கிரீட்டின் விளிம்புக்கு வராமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமலே கம்பி கட்டினோம். 10 வருடத்தில் காரை பெயர்ந்து பெஞ்சுமேல் விழுந்தது. நல்லவேளை, அன்று விடுமுறை. இன்றும் அந்த வாசலைக் கடக்கும்போது நெஞ்சு பதறுகிறது. 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி தேவைப்பட்டதும் இந்தக் காற்றால்தான்.

தனுஷ்கோடி தேவாலயத்தை நினைத்துப் பார். 1964 புயலில் கூரை போயிற்று. பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே கம்பி இல்லாத சுவருக்குத் துரு பயமில்லை. பவளப்பாறையை இனி யாரும் தொடக் கூடாது, சட்டமும் விடாது. அந்தச் சுவரின் கனத்தை மட்டும் கற்றுக்கொள்.

அங்கிருந்து நீ எடுத்து வர வேண்டியது தடுப்பில்லாத அந்தக் கூடத்தை. முதலாண்டுப் பிள்ளை வரைவதை மூத்த மாணவர்கள் நின்று பார்த்துத் திருத்துகிறார்கள் என்றாயே, அதை. தூண் தேவையென்றால் வை. பிள்ளைகளைப் பிரிக்காத இடமாகப் பார்த்து வை. மேற்கே கனத்த சுவர், சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், கொண்டல் காற்று நுழையக் கிழக்கே திறப்பு. இவ்வளவும் என் கண்ணில் இப்போதே தெரிகிறது.

கிரவுன் ஹால் இரும்புக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கறுப்பு வண்ணம் அடிக்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
மாமா