மதி, அட்வான்ஸ் குடுத்திடாதை

உரும்பிராய்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மதி,

இஞ்சை எல்லாரும் சுகம். அம்மான்ரை முழங்கால் நோ மட்டும் அப்பிடியே கிடக்கு. உன்ரை அம்மாவையும் குட்டியையும் கேட்டதாச் சொல்லு.

யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, மாற்றம் எண்டு நீ எழுதினதை வாசிச்சுப்போட்டு நான் போட்ட சத்தத்திலை அயலுக்குள்ளை இருந்து ஆக்கள் எட்டிப் பாத்தவை. பேராதனைக் கம்பஸின்ரை ஹில்டா விடுதியிலை ஒரே அறையிலை கிடந்து ஒரு பாணைப் பங்கு போட்டுத் திண்ட நாங்கள் இனி ஒரே ஊரிலை! எங்கடை கூட்டாளி சாந்தினிக்கு உடனை சொல்லிப்போட்டன். "மதி மட்டக்களப்பு வாவி மீனோடை வந்தா மட்டும் படலையைத் திற" எண்டவள்.

சரி, இனிக் கோபம். உன்ரை மனுசன் ரவி அண்ணை இணையத்திலை பாத்துப் பிடிச்ச உந்தக் கோண்டாவில் வீட்டுப் படத்தை அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்கிடையிலை அட்வான்ஸ் போடவேணுமாம்" எண்டு ஒரு வரியிலை முடிச்சிருக்கிறாய். ஏனடி இவ்வளவு அவசரம்? நான் இஞ்சை பக்கத்திலைதானே இருக்கிறன். நேற்றுப் பின்னேரமே போய்ப் பாத்திட்டன். வீடு வடிவு, அதிலை குறை சொல்லேலாது. அகலமான விறாந்தை, முத்தத்திலை செவ்வரத்தை, குசினிக்கு நல்ல வெளிச்சம். புரோக்கர் ஒவ்வொரு அறையாத் திறந்து காட்டினார். கிணத்தடிக்கு மட்டும் அவர் கூட்டிக்கொண்டு போகேல்லை, நானாத்தான் போனன். கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் இடையிலை ஒரு உடுப்புக் கொடி கட்டுற தூரம்தான். பக்கத்து வீட்டுக் குழியும் மதிலோடை ஒட்டி. பின்மதிலுக்கு அங்காலை வெங்காயத் தோட்டம், பச்சைப் பசேலெண்டு.

நீ வாவிக்கரை மணல் கிணத்திலை வளந்தவள், பேந்து பேராதனையிலை மகாவலித் தண்ணி. எங்கடை தண்ணி வேறை கதை. யாழ்ப்பாணத்திலை ஆறு இல்லை. வழுக்கியாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரியிலை மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலிலை விழுந்திடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலை பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கி நிக்கும், அதைத்தான் வருசம் முழுக்கக் குடிக்கிறம், குளிக்கிறம், தோட்டத்துக்கு இறைக்கிறம். அந்த நல்ல தண்ணிக்குக் கீழை கடல் தண்ணி. நல்ல தண்ணி பாரம் குறைஞ்சது எண்டபடியா மேலை மிதக்குது. நிலாவரைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவன், அடி காணாத கிணறு எண்டு சனம் சொல்லுறது. மேலை நன்னீர், ஆழப் போகப் போக உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைச்சா எந்தக் கிணத்திலையும் அந்த உப்பு மேலை ஏறும்.

அந்தச் சுண்ணாம்புக் கல்லு கடற்பஞ்சு மாதிரி ஓட்டையும் வெடிப்புமா இருக்கு. எங்கடை இந்த வலிகாமப் பகுதியிலை மேலை கிடக்கிற செம்மண் படையும் மெல்லிசு. மண் நல்லா வடிகட்டும் எண்டு மற்ற ஊருகளிலை நம்பியிருக்கலாம், இஞ்சை குழிக்குள்ளை போறதும் தோட்டத்திலை எறியிற யூரியாவும் கெதியாக் கிணத்துக்கு வந்திடும். எங்கடை அப்பாவும் தோட்டக்காரன்தான், மாட்டெருவும் உரமும் மாறி மாறிப் போட்டவர்தான். வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளையிற அந்த மண் எங்களைப் படிப்பிச்சது. அதாலை தோட்டக்காரரைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் குட்டி வரப்போற வீட்டைப் பற்றிக் கதைக்கேக்கை நான் ஒண்டையும் மறைக்க மாட்டன்.

மதி, இதை ஆறுதலா வாசி. உப்பு எண்டா வாயிலை தெரியும். கல்லுத் தண்ணி எண்டா கேத்தல் அடியிலை வெள்ளையாப் படியும். 2014, 2015 இலை சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளிலை கழிவெண்ணெய் கலந்து ஊரே கொதிச்சதே, அது கூட மணத்திலையும் மேலை மிதக்கிற படையிலையும் பிடிபட்டது. யூரியாவிலையும் கக்கூசுக் குழியிலையும் இருந்து தண்ணிக்குள்ளை சேருற நைத்திரேற்று அப்பிடி இல்லை. நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கோண்டாவில், திருநெல்வேலி, கோப்பாய்ப் பக்கத்து கிணத்துத் தண்ணி குடிக்க நல்ல இனிப்பு, தேத்தண்ணி போட்டா அப்பிடி ஒரு நிறம். அந்தப் பக்கம் தோட்டமும் வீடும் நெருக்கமான இடங்களிலைதான் நைத்திரேற்றுக் கூடின கிணறுகளும் கனக்க. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது, எங்கடை நாட்டுத் தரமும் அதுதான்.

வளந்த உனக்கும் எனக்கும் உடனை ஒண்டும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அப்பிடி இல்லை. அந்த வயசிலை வயித்திலை அமிலம் குறைவு, நைத்திரேற்று நைத்திரைற்றா மாறி இரத்தத்திலை இருக்கிற ஈமோகுளோபினைப் பழுதாக்கிப்போடும். பேந்து ஒட்சிசனைக் காவ அதாலை ஏலாது. பிள்ளை நீலம் பாரிக்கும். நீ பால் குடுக்கிறமட்டும் பயமில்லை, தாய்ப்பாலிலை அது அவ்வளவாச் சேராது. ஆனால் நீ கச்சேரிக்குப் போனாப்பிறகு பகலிலை உன்ரை அம்மா பால்மா கரைச்சுக் குடுப்பா எண்டு எழுதியிருக்கிறாய். குட்டிக்கு இப்ப நாலாம் மாதம். அதுதான் என்ரை நெஞ்சைப் போட்டுப் பிசையிது.

"கொதிக்க வைச்சுக் குடுப்பம்தானே" எண்டு அம்மா சொல்லுவா, எனக்குத் தெரியும். கொதிக்க வைச்சாக் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாப் போக மிச்சத்திலை அது இன்னும் செறியும். மண்பானை ஃபில்டரும் பிரயோசனமில்லை. ஆர்.ஓ. மெசின் தண்ணியிலைதான் குறையும், அதைக் கானிலை அடைச்சு இஞ்சை எல்லா இடமும் விக்கினம். குட்டியின்ரை பாலுக்கு எந்த வீட்டிலை இருந்தாலும் அதைத்தான் பாவிக்கவேணும் எண்டு இப்பவே அம்மாவிட்டைச் சொல்லி வை.

அப்ப குழாய்த் தண்ணி? டவுன் பக்கம் அது இருக்கு. முந்தி அதுவும் எங்கடை கிணத்துத் தண்ணிதான். இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் கொண்டுவரப் பாத்தவை, கிளிநொச்சிக் கமக்காரர் மறிச்சவை. அவையின்ரை வயலுக்கே காணாத குளம், மறிச்சதிலை நியாயம் இருக்கு. பேந்துதான் கடலிட்டைப் போனவை. தாளையடியிலை கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையத்தை 2024 ஓகஸ்டிலை திறந்தவை, நாளுக்கு 24,000 கனமீற்றர் எடுக்கக்கூடியது. எனக்கு அது பெரிய சந்தோசம், பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குப் படம் கீறிக் காட்டினனான். ஆனால் ஊரிலை குழாய் இருக்கு எண்டு புரோக்கர் சொல்லுறது வேறை, உன்ரை வீட்டுப் படலையடியிலை மீற்றர் இருக்கிறது வேறை. மீற்றரைக் கண்ணாலை பாக்கவேணும், கடைசித் தண்ணி பில்லையும் கேட்டு வாங்கவேணும்.

இடங்களைப் பற்றி என்ரை மனசிலை பட்டதைச் சொல்லுறன். கச்சேரி கண்டி வீதியிலை, சுண்டுக்குளிப் பக்கம். அதுக்குக் கிட்ட அரியாலை. புது வீடுகள் கனக்க, காணியும் பெரிசு, ஆனால் கடல்நீரேரிப் பக்கம் போனாச் சவர்த் தண்ணி, மாரியிலை பள்ளப் பக்கங்களுக்குள்ளை வெள்ளம். வெயில் காலத்திலை வீடு பாத்து எடுத்திட்டு கார்த்திகையிலை கதிரைக்கு மேலை ஏறி இருக்கிற ஆக்கள் இருக்கினம். அயலாரிட்டை வெள்ளம் எதுமட்டும் வந்தது எண்டு கேட்டா மதிலிலை கையை வைச்சுக் காட்டுவினம். நல்லூர் எனக்கு உயிர், ஆனால் 25 நாள் திருவிழாவுக்கும் றோட்டைப் பூட்டினாக் கைக்குழந்தையோடை வாகனம் உள்ளை வராது. திருநெல்வேலி, கொக்குவில் முழுக்கக் கம்பஸ் பிள்ளையள், வாடகை ஏறிப்போய்க் கிடக்கு. சாவகச்சேரி உனக்குப் பிடிக்கும், தென்னையும் மாவும் மணலும், வாடகையும் குறைவு, றெயினும் பஸ்சும் இருக்கு. ஆனால் 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. பின்னேரம் வேலை விட்டு பஸ்சிலை நிண்டு வாற தாய்க்கு அது தூரம்தான். ரவி அண்ணை இஞ்சை இருந்தா நானே அங்கை போ எண்டு சொல்லியிருப்பன்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேணும். கனக்க வீடுகளின்ரை சொந்தக்காரர் கனடாவிலை, லண்டனிலை. திறப்பு ஒரு மாமாவிட்டை. ஒரு அறையைத் தங்கடை சாமானோடை பூட்டி வைச்சுக்கொண்டு தருவினம், ஓகஸ்டிலை திருவிழாவுக்கு வந்து நிப்பினம். ஒரு வருச வாடகையை முன்னுக்கு ஒரேயடியாக் கேக்கிறவையும் இருக்கினம். மச்சம் சமைக்கக்கூடாது எண்டு சில இடத்திலை சொல்லுவினம். மீன் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது, அதை முதலே கேள்.

இன்னொண்டு. "பிள்ளை எந்தப் பக்கம், அப்பா ஆர், ஆற்றை ஆக்கள்" எண்டு கேப்பினம். மட்டக்களப்பு எண்டு சொன்னாப்பிறகும் கிண்டுவினம். அது அன்பிலை கேக்கிற கேள்வி இல்லை மதி. சாதி பாத்து வீடு குடுக்கிற ஆக்கள் இப்பவும் இஞ்சை இருக்கினம். அதைச் சொல்லாமல் உன்னை இஞ்சை கூப்பிட எனக்கு மனமில்லை. அப்பிடிக் கேட்டாப் பதில் சொல்லாதை, எழும்பி வா. அந்த வீட்டுத் தண்ணி தேனா இருந்தாலும் உனக்கு வேண்டாம்.

சுண்டுக்குளியிலை ஒரு ஒழுங்கைக்குள்ளை ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறன். சின்னன். ரெண்டு அறை, பழைய ஓட்டுக் கூரை, முத்தம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, ஒரு வேப்பமரம் மட்டும் நிக்குது. படம் எடுத்தா உன்ரை கோண்டாவில் வீட்டுக்குப் பக்கத்திலை வைக்கேலாது. ஆனால் குழாய் இணைப்பு இருக்கு, மீற்றர் ஓடுது, பில்லும் பாத்தன். கிணறும் இருக்கு, அது உடுப்புத் தோய்க்க, குளிக்க. கச்சேரிக்கு நடந்தே போகலாம், மத்தியானம் ஓடி வந்து குட்டிக்குப் பால் குடுத்திட்டும் போகலாம். வீட்டுக்காரி இளைப்பாறின ரீச்சர், முன்வீட்டிலை தனிய இருக்கிறா. நான் குட்டியைப் பற்றிச் சொல்ல, ஆற்றை ஆக்கள் எண்டு கேக்கேல்லை, "பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வளை பலமா இருக்கோ எண்டு பாப்பம்" எண்டு அண்ணாந்து பாத்தவ. ஆறு மாத வாடகைதான் முன்னுக்குக் கேக்கிறா. நீ வந்து பாக்குமட்டும் வேறை ஆருக்கும் குடுக்க மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறா.

திங்கக்கிழமை காலமை கோண்டாவில் கிணத்துத் தண்ணியிலை ஒரு போத்தல், சுண்டுக்குளிக் குழாய்த் தண்ணியிலை ஒரு போத்தல் எடுத்து நீர் வழங்கல் சபையின்ரை ஆய்வுகூடத்திலை காசு கட்டிக் குடுக்கப் போறன். கோண்டாவில் முடிவு நல்லா வந்தாலும் ஒரு மழை பெஞ்சு முடிய இன்னொருக்காப் பாக்கவேணும், தோட்டத்து உரம் மழையோடைதான் கீழை இறங்கும். முடிவு வாறமட்டும் ரவி அண்ணையின்ரை கையைப் பிடிச்சு வை. புரோக்கர் அவசரப்படுத்தினா, "என்ரை சிநேகிதி தண்ணி பாக்கிறா" எண்டு சொல்லு. அதுக்கு அவர் என்ன சொல்லுறார் எண்டதையும் எனக்கு எழுது.

எந்தத் திகதியிலை பொறுப்பேற்கவேணும் எண்டு நீ எழுதவே இல்லையடி. குட்டியின்ரை தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுவா, இஞ்சை குடும்பநல உத்தியோகத்தரிட்டைப் பதியவேணும். முதல் கிழமை எங்கடை வீட்டிலைதான் நிக்கிறியள், அதிலை கதைக்க ஒண்டுமில்லை.

உன்ரை
கலா